வெட்டத் தடை மட்டும் இருந்தால் பெரிய மரம் பிழைக்குமா?

உங்கள் நகராட்சி வெளியிட்ட மரப் பாதுகாப்பு வரைவைப் படித்துவிட்டு மூன்று விஷயங்கள் கேட்டிருக்கிறீர்கள். அனுமதியின்றி வெட்டினால் அபராதம், வெட்டும் ஒரு மரத்துக்குப் பத்துக் கன்று, பழம்பெரும் மரங்களின் பட்டியல் என்ற இந்த ஏற்பாடு போதுமா? போதாது என்றால் கருத்துக் கேட்பில் வேறு எதை வலியுறுத்துவது? உங்கள் தெருமுனை மரத்துக்குள் பொந்து இருப்பதால் ஆபத்து என்று சொல்லி வெட்ட நாள் குறித்திருப்பதை நம்பலாமா? முதல் இரண்டையும் சேர்த்துப் பார்த்தால், சட்டம் இருக்கும் ஊர்களிலும் பெரிய மரங்கள் ஏன் குறைந்துகொண்டே போகின்றன என்பதுதான் உங்கள் உண்மையான கேள்வி என்று எடுத்துக்கொள்கிறேன். கட்டுமான இடங்களில் நிற்கும் மரங்களை ஆய்ந்து அறிக்கை எழுதுவதும், பிறர் எழுதிய அறிக்கைகளைச் சரிபார்ப்பதும் பல ஆண்டுகளாக என் தொழில். நான் வழக்கறிஞன் அல்லன். கீழே சொல்பவற்றைச் சட்ட வாசகமாக மாற்றும்போது ஒரு வழக்கறிஞரிடம் காட்டிக்கொள்ளுங்கள்.

அந்த ஏற்பாடு போதாது. பயனற்றது என்றும் சொல்ல மாட்டேன். கோடரி அடிமரத்தைத் தொடும் அந்த நேரத்தை மட்டுமே அது காவல் காக்கிறது என்பதுதான் குறை. நகரத்தில் ஒரு பெரிய மரத்தின் கதி அதற்கு வெகு முன்பே முடிவாகிவிடுகிறது. கட்டிடத்தின் வரைபடத்தில் வாகன நிறுத்தம் எங்கே, கழிவுநீர்க் குழாய் எந்தப் பக்கம், வாசல் எத்தனை மீட்டர் அகலம் என்று கோடு போடும் நாள்தான் அது. அன்று மரம் வரைபடத்தில் இல்லை என்றால், பிறகு வரும் அனுமதி விண்ணப்பம் வெறும் சடங்கு. கட்டிடம் பாதி எழும்பிய பிறகு மரத்துக்காக அதை நகர்த்தச் சொல்லும் அதிகாரியை நான் இன்னும் சந்திக்கவில்லை.

இன்னொன்று, வெட்டாமலே சாகும் மரங்கள் ஏராளம். எந்த அபராதப் பட்டியலிலும் அவை வருவதில்லை. இதை விளங்கிக்கொள்ள வேரைப் பற்றிச் சற்று விரிவாகச் சொல்ல வேண்டும். மேலே கிளை எவ்வளவு உயரமோ கீழே வேரும் அவ்வளவு ஆழம் என்று பலர் நினைக்கிறார்கள். அப்படி இல்லை. பெரும்பாலான மரங்களின் வேர்களில் மிகப் பெரும்பங்கு மேலே ஒரு மீட்டர் மண்ணுக்குள்தான் இருக்கிறது. நீரையும் சத்தையும் உறிஞ்சும் மெல்லிய வேர்கள் அதிலும் மேல்பகுதியில், காற்றோட்டம் உள்ள இடத்தில் இருக்கின்றன. பக்கவாட்டில் அவை கிளைகளின் நிழல் விழும் எல்லையைத் தாண்டியும் நெடுந்தூரம் போகும். ஆகவே அடிமரத்தைச் சுற்றி ஒரு சதுரம் விட்டுவிட்டு மீதி இடத்தில் சிமெண்ட் போட்டால், மரத்தை விட்டுவைத்ததாகக் கணக்கு காட்டலாம். மரத்துக்கு அதில் ஒன்றும் இல்லை.

கேபிள் பதிக்கத் தோண்டும் பள்ளத்தை எடுத்துக்கொள்ளுங்கள். இரண்டடி அகலம், மூன்றடி ஆழம், அடிமரத்திலிருந்து ஒரு மீட்டர் தள்ளி நேர்க்கோடாகப் போகிறது. இயந்திரத்தின் வாளி கைத்தடிமன் வேரைச் சீராக அறுப்பதில்லை, இழுத்துக் கிழிக்கிறது. பள்ளத்தின் சுவரில் பட்டை உரிந்து நார் தொங்கும் வேர்முனைகளைப் பார்க்கலாம். மாலையில் மண்ணைத் தள்ளி மூடிவிடுவார்கள். மறுநாள் மரம் பச்சையாகவே நிற்கும், அடுத்த ஆண்டும் நிற்கும். பிறகு உச்சிக் கிளைகள் இலை விடாமல் குச்சி குச்சியாகத் தெரியும். ஐந்தாறு ஆண்டில் 'காய்ந்த மரம்' என்று முறைப்படி அனுமதி பெற்று வெட்டுவார்கள். அந்தச் சாவை எவரும் பள்ளத்தோடு சேர்த்துப் பேசுவதில்லை. ஒரு பக்க வேர் முழுதும் போன மரம் அதற்குள் ஒரு பலத்த காற்றில் சாய்ந்தால் பழி காற்றுக்குப் போகிறது.

மண் இறுகுவது இதைவிட ஓசையில்லாத கேடு. கனரக வண்டி முதல் சில தடவை ஓடும்போதே பெரும்பாலான இறுக்கம் நேர்ந்துவிடுகிறது. 'ஒரு வாரம்தானே லாரி நிற்கும்' என்ற சமாதானம் அதனால் எடுபடாது. மண்ணின் துளைகள் மூடிப்போனால் காற்றும் நீரும் இறங்காது, வேர் மூச்சு முட்டிச் சாகும். கட்டுமான இடத்தில் நிழல் இருப்பது மரத்தடியில் மட்டும்தான் என்பதால் சிமெண்ட் மூட்டை அங்கேதான் அடுக்கப்படும், கலவையும் அங்கேதான் போடப்படும், கலவைச் சட்டியைக் கழுவிய நீரும் அங்கேதான் ஊற்றப்படும். அந்த நீரின் காரத்தன்மை மண்ணையே மாற்றிவிடும். தொழிலாளர்களைக் குறை சொல்லிப் பயனில்லை. வெயிலில் நின்று வேலை செய் என்று யாரும் சொல்ல முடியாது. வேலை தொடங்கும் முன்பே வேலியும், வேலிக்கு வெளியே வேறொரு நிழலும் ஏற்பாடு செய்வது ஒப்பந்ததாரரின் கடமை என்று அனுமதிக் கடிதத்திலேயே எழுத வேண்டும்.

வேலி எங்கே போடுவது என்பதற்கு ஊகம் தேவையில்லை. பிரிட்டனின் 2012ஆம் ஆண்டுத் தர நூலான பிஎஸ் 5837, தரையிலிருந்து 1.5 மீட்டர் உயரத்தில் அடிமரத்தின் விட்டத்தை அளந்து, அதன் 12 மடங்கை ஆரமாகக் கொண்ட வட்டத்தை வேர்க்காப்பு எல்லை என்கிறது. ஆஸ்திரேலியாவின் ஏஎஸ் 4970 தரமும் அதே 12 மடங்கைத்தான் கொண்டது. அளக்கும் உயரம் மட்டும் 1.4 மீட்டர். விட்டம் 80 சென்டிமீட்டர் என்றால் எல்லை எல்லாப் பக்கமும் 9.6 மீட்டர், பரப்பு ஏறத்தாழ 290 சதுர மீட்டர். முதன்முறை கேட்பவர்கள் அதிர்ச்சி அடைவது இந்த எண்ணில்தான். மிகப் பழைய மரங்களுக்கு இங்கிலாந்து அரசின் வழிகாட்டுதல் 15 மடங்கு கேட்கிறது. இந்தப் பெருக்கல் ஒரு நடைமுறை விதி, அவ்வளவுதான். வேர் உண்மையில் வட்டமாக வளர்வதில்லை. ஒரு பக்கம் சாலையும் மறுபக்கம் தோட்டமும் இருந்தால் வேர் தோட்டத்துப் பக்கம்தான் அதிகம் இருக்கும், எல்லையையும் அந்தப் பக்கம் நகர்த்த வேண்டும். அந்தத் தீர்மானத்தைப் பயிற்சி பெற்றவர் இடத்தில் நின்று எடுக்க வேண்டும்.

ஆகவே கருத்துக் கேட்பில் நான் முதலில் கேட்கச் சொல்வது ஒரு வரிசைமுறை. கட்டிட விண்ணப்பத்தோடு, அந்த மனையிலும் அடுத்த மனையின் ஓரத்திலும் தெருவிலும் உள்ள மரங்களின் அளவீடு, நிலை, வேர்க்காப்பு எல்லை ஆகியவை குறித்த வரைபடம் சேர்ந்து வர வேண்டும். இல்லையென்றால் விண்ணப்பத்தையே ஏற்கக் கூடாது. அடுத்த மனை என்பதை அழுத்திச் சொல்கிறேன், ஏனென்றால் வேருக்குச் சுற்றுச்சுவர் தெரியாது. பிரிட்டனின் தர நூல் மரங்களை ஏ, பி, சி, யு என்று தரம் பிரிக்கிறது. பத்தாண்டுக்கு மேல் தாங்காதவை 'யு'. உயர்ந்த மதிப்புள்ளவை 'ஏ'. இந்தப் பிரிப்பால் ஒரு நன்மை உண்டு. எல்லா மரத்தையும் காப்போம் என்று முழங்கிவிட்டு எதையும் காக்காமல் விடுவதைவிட, போனால் போகட்டும் என்று சிலவற்றைக் கைவிட்டு, முக்கியமானவற்றைச் சுற்றிக் கட்டிடத்தை வடிவமைக்கச் சொல்வது நடக்கக்கூடிய காரியம். ஆர்வலர்கள் சிலருக்கு இது பிடிக்காது. எனக்கு இதில் ஐயமில்லை.

அடுத்தது, மரக் கொள்கையை மட்டும் படித்துவிட்டு நிறுத்தாதீர்கள். மரத்தைக் கொல்லும் விதி பெரும்பாலும் வேறு துறையின் ஏட்டில் இருக்கும். ஒரு வீட்டுக்கு இத்தனை வண்டி நிறுத்த இடம் கட்டாயம், முன்பக்கம் இத்தனை மீட்டர் இடைவெளி கட்டாயம், சாலை இத்தனை மீட்டர் அகலம் என்ற விதிகள் ஒவ்வொன்றும் தனித்தனியே நியாயமாகத் தோன்றும். ஒன்றுசேரும்போது மரம் நிற்கும் இடத்தைத்தான் தின்கின்றன. மரத்தைக் காக்கும் வடிவமைப்புக்கு ஒரு வண்டி நிறுத்தம் குறைவாக இருக்கலாம், பின்பக்க இடைவெளியில் ஒரு மீட்டர் விட்டுக்கொடுக்கலாம், ஒரு மாடி கூட்டிக்கொள்ளலாம் என்று தளர்வு கொடுங்கள் எனக் கேளுங்கள். கட்டுபவர் மரத்தை எதிரியாகப் பார்க்காமலிருக்க இதைவிட மலிவான வழி எனக்குத் தெரியாது.

ஒப்பந்தங்களையும் பாருங்கள். இங்கிலாந்தின் ஷெஃபீல்டு நகரம் 2012இல் தன் சாலைகளைச் சீரமைத்துப் பராமரிக்க 25 ஆண்டு ஒப்பந்தம் ஒன்றைத் தொடங்கியது. நகரில் இருந்தவை சுமார் 36,000 தெரு மரங்கள். ஒப்பந்தத்திலோ 17,500 மரங்களை மாற்றுவது என்ற எண் இருந்தது. நடைபாதையைத் தூக்கியது, ஓரக்கல்லை நகர்த்தியது என்ற காரணங்களுக்காக நல்ல மரங்களும் பட்டியலில் ஏறின. 5,000க்கும் மேற்பட்ட மரங்கள் விழுந்த பிறகு, மக்களின் தொடர் போராட்டத்தால் 2018இல் வேலை நின்றது. 2023இல் வெளியான விசாரணை அறிக்கை நகர நிர்வாகத்தைக் கடுமையாகச் சாடியது. மரங்களை மதிக்கும் பேச்சுக்கு அந்த ஊரில் குறைவில்லை. பணம் எந்தத் தாளின்படி கைமாறியதோ அந்தத் தாள்தான் வென்றது. உங்கள் ஊரில் சாலை, மின்கம்பி, மழைநீர் வடிகால் வேலைகளுக்கான ஒப்பந்தப் படிவத்தில் வேர்க்காப்பு எல்லை என்ற சொல் இருக்கிறதா என்று கேட்டுப் பாருங்கள். வேருக்கு அடியில் துளையிட்டுக் குழாயைச் செலுத்தும் முறையும், காற்றழுத்தத்தால் மண்ணை மட்டும் நீக்கி வேரை விட்டுவைக்கும் கருவியும் இருக்கின்றன. செலவு கூடுதல் என்பதால் ஒப்பந்தத்தில் எழுதாமல் எவரும் அவற்றைக் கொண்டுவர மாட்டார்கள்.

பத்துக் கன்று விவகாரத்துக்கு வருகிறேன். இங்கே கணக்கு கைகொடுக்கும். தெரு மரங்கள் எவ்வளவு காலம் வாழ்கின்றன என்ற ஆய்வுகளை அமெரிக்க ஆய்வாளர்கள் இருவர் 2011இல் தொகுத்துப் பார்த்தார்கள். சராசரி ஆயுள் 19 முதல் 28 ஆண்டு என்று வந்தது. ஆண்டுக்கு நூற்றில் நான்கு இறக்கின்றன என்று வைத்துக்கொண்டால் 17 ஆண்டில் பாதி போய்விடும். பத்துக் கன்றில் முப்பதாம் ஆண்டில் மிஞ்சுவது மூன்று. நட்ட முதல் சில ஆண்டுகளில் இழப்பு இதைவிட அதிகமாகவே இருக்கும். நட்ட அன்று புகைப்படம் எடுக்க வந்தவர்கள் மூன்றாம் ஆண்டு தண்ணீர் ஊற்ற வருவதில்லை. இந்த முப்பதாண்டும் பெரிய மரத்தின் வேலையை யாரும் செய்வதில்லை. சிகாகோ நகரத்தைப் பற்றி 1994இல் வெளியான ஆய்வு, 77 சென்டிமீட்டருக்கு மேல் விட்டமுள்ள மரம் 8 சென்டிமீட்டருக்குக் குறைந்த மரத்தைப் போல் சுமார் 70 மடங்கு காற்று மாசை நீக்குகிறது என்று கணக்கிட்டது. வயதான மரம் வளர்வதை நிறுத்திவிடும் என்ற பழைய எண்ணமும் சரியல்ல. 403 இனங்களை அலசி 2014இல் வெளிவந்த ஆய்வில், பெரும்பாலான இனங்களில் மரம் பெரிதாகப் பெரிதாக அது ஆண்டுதோறும் சேர்க்கும் எடையும் கூடுகிறது என்று தெரிந்தது.

மகாராஷ்டிரம் தன் 1975ஆம் ஆண்டு நகர்ப்புற மரச் சட்டத்தை 2021இல் திருத்தியபோது இதை ஓரளவு உணர்ந்திருக்கிறது. 50 ஆண்டுக்கு மேற்பட்டவை பாரம்பரிய மரங்கள் என்றும், வெட்டப்படும் மரத்தின் வயது எத்தனையோ அத்தனை கன்றுகள் நட்டு 7 ஆண்டு பராமரிக்க வேண்டும் என்றும் வைத்தது. நிலையான பத்தைவிட இது மேல். ஆனாலும் எண்பது கன்றுக்கு நகருக்குள் இடம் எங்கே? ஊருக்கு வெளியே நட்டால் நிழல் இழந்த தெருவுக்கு ஆறுதல் இல்லை. கன்றின் எண்ணிக்கைக்குப் பதில், இழந்த கிளைப்பரப்புக்கு, அதாவது மேலிருந்து பார்த்தால் கிளையும் இலையும் மூடியிருந்த பரப்புக்கு, ஈடு கேளுங்கள். அதே பகுதியில் நடவும், உயிரோடு இருக்கும் கன்றுக்கு மட்டும் கணக்கும் கேளுங்கள். ஈட்டுக்கு மதிப்பிடும் முறைகள் ஏற்கெனவே உண்டு. லண்டன் மர அதிகாரிகள் பயன்படுத்தும் 'கேவட்' அவற்றுள் ஒன்று. அந்த எண்கள் எதுவும் மரத்தின் 'உண்மை விலை' இல்லை. முறைக்கு முறை விடை மாறும். ஆனால் ஒரு தொகை எழுதியிருந்தால் பேச்சு வேறு விதமாகப் போகிறது என்பதை மேசையின் இரு பக்கமும் உட்கார்ந்து பார்த்திருக்கிறேன்.

பட்டியலைப் பற்றிச் சுருக்கமாக. சிறந்த சில மரங்களுக்குப் பட்டியல் நல்லது. அதை மட்டும் வைத்தால் பட்டியலில் இல்லாதவை எல்லாம் வெட்டத் தக்கவை என்று பொருள் கொள்ளப்படும். அளவை வைத்துப் பொதுக் காப்பு கொடுப்பது வலுவானது. சிங்கப்பூரில் 1991 முதல் உள்ள மரப் பாதுகாப்புப் பகுதிகளில் சுற்றளவு ஒரு மீட்டரைத் தாண்டிய மரத்தை அனுமதியின்றித் தொடக் கூடாது. டொராண்டோவில் தனியார் நிலத்திலும் விட்டம் 30 சென்டிமீட்டரை எட்டிய மரத்துக்கு அனுமதி தேவை. உங்கள் வரைவில் வெட்டுவதற்கு மட்டும் தடை இருக்கிறது. வேரை அறுப்பது, மண்ணைக் கொட்டித் தரைமட்டத்தை உயர்த்துவது, உச்சியை மொட்டையடிப்பது, பட்டையை வளையமாக உரிப்பது, நஞ்சிடுவது ஆகிய எல்லாவற்றையும் 'சேதம்' என்ற ஒரே சொல்லின் கீழ் கொண்டுவரச் சொல்லுங்கள். அபராதம் நிலத்தின் ஆதாயத்தோடு ஒப்பிட்டால் துச்சமாக இருந்தால் அது ஒரு கட்டணம் மட்டுமே. பிரிட்டனின் 1990ஆம் ஆண்டு நகர, ஊரகத் திட்டச் சட்டம், தண்டம் விதிக்கும்போது மரத்தை அழித்ததால் கிடைத்த லாபத்தையும் நீதிமன்றம் கருத வேண்டும் என்கிறது. சேதம் தெரிய ஆண்டுகள் ஆகும் என்பதால், கட்டுபவரிடம் வைப்புத்தொகை வாங்கி, வேலை முடிந்து சில ஆண்டுகள் கழித்து மரத்தைப் பார்த்த பிறகே திருப்பித் தருவது என்றும் கேட்கலாம்.

இதுவரை சொன்னதில் எனக்குப் பெரிய தயக்கம் இல்லை. இனி வருபவை அவ்வளவு திடமானவை அல்ல. தனியார் மரங்களுக்குக் கடும் விதி வந்தால், அளவை எட்டும் முன்பே உரிமையாளர்கள் வெட்டிவிடுவார்கள் என்ற வாதம் உண்டு. அப்படி வெட்டியவர்களை நானே அறிவேன். அது எவ்வளவு பரவலானது என்பது ஊருக்கு ஊர் மாறும். கவாத்துச் செலவில் பங்கும் வரியில் சலுகையும் தந்தால் அந்த நெருக்கடி குறையும் என்பது என் எண்ணம், நிரூபணம் அல்ல. 'வெட்டவில்லை, வேரோடு பெயர்த்து வேறிடத்தில் நடுகிறோம்' என்ற உறுதிமொழியையும் கவனமாகக் கேளுங்கள். பெரிய மரத்தைப் பெயர்க்கும்போது உறிஞ்சு வேர்களில் பெரும்பகுதி பழைய இடத்திலேயே தங்கிவிடுகிறது. ஆல், அரசு போன்றவை புது வேர் எளிதில் விடும். எல்லா இனமும் அப்படியல்ல. துளிர் விட்டதை வெற்றி என்று அறிவிப்பது அவசரம். தேக்கிவைத்த சத்தில்கூடத் துளிர்க்கும்.

கிளைப்பரப்பு இலக்குகளும் அப்படித்தான். மெல்போர்ன் 2012இல் பொது இடங்களின் கிளைப்பரப்பை 22 சதவீதத்திலிருந்து 2040க்குள் 40 சதவீதமாக்கத் திட்டமிட்டது. ஒரே இனம் 5 சதவீதத்துக்கு மேல் போகக் கூடாது என்றும் வைத்துக்கொண்டது. ஒரு பூச்சியோ நோயோ வந்தால் தெருவே காலியாகாமலிருக்க அது அவசியம். இலக்கு நல்லது. ஆனால் வானிலிருந்து அளக்கும் சதவீதத்தில், நூறு இளமரங்கள் பரந்தால் பத்துப் பெரிய மரங்கள் மறைந்தது தெரியாமல் போகலாம். பெரிய மரங்களின் எண்ணிக்கையைத் தனி வரியாகக் கேளுங்கள். வீட்டிலிருந்து 3 மரம் தெரிய வேண்டும், பகுதியில் 30 சதவீதம் நிழல், 300 மீட்டருக்குள் பூங்கா என்று 2021 முதல் பேசப்படும் விதி நினைவில் நிற்க வசதியானது. 29 சதவீதத்தில் கேடும் 30இல் நன்மையும் தொடங்குவதில்லை.

கடைசியாக உங்கள் தெருமுனை மரம். நீங்கள் அனுப்பிய படத்தை மட்டும் பார்த்து வெட்டு என்றோ வேண்டாம் என்றோ நான் சொல்ல மாட்டேன். அப்படிச் சொல்பவரை நீங்களும் நம்ப வேண்டாம். பொந்து இருப்பது மட்டும் ஆபத்து ஆகாது. நீரைக் கடத்துவது வெளிப்புற உயிர்மரம். நடுவில் இருப்பது வைரம் எனப்படும், முதிர்ந்து இறுகிய, பெரிதும் உயிரற்ற கட்டை. அது உளுத்துக் குழலானாலும் சுவர் தடிமனாக இருந்தால் மரம் பல்லாண்டு நிற்கும். சுவரின் தடிமன் ஆரத்தில் மூன்றில் ஒரு பங்குக்குக் கீழே போனால் முறியும் வாய்ப்பு கூடும் என்று ஜெர்மானிய ஆய்வாளர் கிளாஸ் மாத்தெக் முன்வைத்த அளவுகோல் பரவலாகப் பயன்படுகிறது. அதன் அடிப்படையைக் கேள்விக்குள்ளாக்கியவர்களும் துறைக்குள் உண்டு. பொந்து ஒரு பக்கம் திறந்திருந்தாலோ, உச்சி ஏற்கெனவே குட்டையாக இருந்தாலோ அதை அப்படியே பொருத்த முடியாது. ஆபத்து என்பது மரத்தின் நிலையோடு அதன் கீழே யார், எவ்வளவு நேரம் இருக்கிறார்கள் என்பதையும் சேர்த்த கணக்கு. பிரிட்டனில் மரம் விழுந்து இறக்கும் வாய்ப்பு ஆண்டுக்கு ஏறத்தாழ ஒரு கோடியில் ஒன்று என மதிப்பிட்டிருக்கிறார்கள். புயல் அடிக்கும் ஊருக்கு அந்த எண்ணை அப்படியே எடுத்துவர முடியாது.

எனவே மரம் ஆபத்தானது என்று சொன்ன ஆய்வு அறிக்கையின் நகலை எழுத்தில் கேளுங்கள். ஆய்வு செய்தவரின் தகுதி, தேதி, அடிமர விட்டம், சுவரின் தடிமனை எப்படி அளந்தார் என்பது எல்லாம் அதில் இருக்க வேண்டும். சுத்தியலால் தட்டிப் பார்த்தாரா, மெல்லிய ஊசியால் துளைத்தாரா, ஒலியலைப் படம் எடுத்தாரா? அடிமரத்திலோ வேரிலோ காளான் இருந்ததா, என்ன வகை? கிளையின் பாரத்தைக் குறைப்பது, முட்டுக் கொடுப்பது, கீழே உள்ள இருக்கையை நகர்த்துவது போன்ற மாற்றுவழிகளை ஏன் நிராகரித்தார் என்பதும் வேண்டும். இவை எதுவும் இல்லாமல் 'ஆபத்தானது' என்ற ஒற்றை வரி மட்டும் இருந்தால், தனிச்சார்பற்ற இன்னொருவரின் ஆய்வு முடியும் வரை வெட்டுவதைத் தள்ளிவைக்கும்படி எழுதிக் கொடுங்கள். அந்த இடைக்காலத்தில் மரத்தடியில் வண்டி நிறுத்தவும் கடை போடவும் விடாதீர்கள். ஆய்வில் வெட்டத்தான் வேண்டும் என்று வந்தால் அதையும் ஏற்றுக்கொள்ளுங்கள். அப்படி வருவதும் உண்டு.